விற்கப்போகும் வீட்டின் மேல் புதுக் கடன் எதற்கு?

கேள்வி: திருச்சியில் 1,200 சதுர அடி மனையில் 1,000 சதுர அடி வீடு, 2002ல் கட்டியது. கணவர் 2022ல் காலமானார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான். வீட்டை விற்றுவிட்டு, கோவையில் மகள் வீட்டருகே சின்ன ஃப்ளாட் வாங்க எண்ணம். மாட்யூலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், புது டைல்ஸ் போட்டால் 80 லட்சத்துக்குப் போகும் என்கிறான் கட்டட வேலை எடுத்துச் செய்யும் என் தம்பி. 9 லட்சம் ஆகுமாம். பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம், விற்றதும் அடைத்துவிடலாம் என்கிறான். 2014ல் அவன் கடைக்காக இதே பத்திரத்தை வைத்து வாங்கிய கடனை 2021ல்தான் அடைத்தோம். மறுக்கவும் மனமில்லை. கையில் 2 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மாடி மூலையில் கொஞ்சம் ஒழுகல் உண்டு. எங்கள் தெருவில் மனை சதுர அடி 4,500 போகிறது.

பதில்: அந்தக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தம்பிக்கு ஒரு தேவை வரும்போதெல்லாம் உங்கள் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது, பிரச்சினை அங்கேதான். கிச்சனும் சீலிங்கும் அதற்குப் பிறகு வருகிற விஷயம்.

வாங்குகிறவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார். அந்த வங்கியின் மதிப்பீட்டாளர் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். மனை 54 லட்சம். கட்டடத்தை இன்று கட்ட சதுர அடிக்கு 2,400 என்று வைத்தால் 24 லட்சம். வயதுக்காக 40 சதவீதம் கழித்தால் 14.4 லட்சம். ஆக 68 லட்சத்துச் சொச்சம். ஃபால்ஸ் சீலிங்குக்கு இதில் இடமே இல்லை. இந்த மதிப்பில் 80 சதவீதம் கடன் கிடைத்தால் சுமார் 55 லட்சம். நீங்கள் 80 லட்சம் சொன்னால் மீதி 25 லட்சத்தை அவர் கையிலிருந்து போட வேண்டும். அப்படிப்பட்டவர் உங்கள் தம்பி தேர்ந்தெடுத்த கிச்சன் நிறத்துக்காக வாங்க மாட்டார். இடித்துத் தன் இஷ்டத்துக்குக் கட்டவே பார்ப்பார்.

இந்தப் பக்கம் செலவைப் பாருங்கள். 9 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி என்றால் மாதம் 8,250. விற்க எட்டு மாதம் ஆனால் 66,000. செயலாக்கக் கட்டணம், வழக்கறிஞர், பதிவு என்று 25,000 வையுங்கள். மொத்தம் பத்து லட்சத்தை ஒட்டி வந்துவிடுகிறது. பத்திரம் வங்கியில் இருக்கும்போது வருகிறவர்களில் பாதிப் பேர் தயங்குவார்கள், மீதிப் பேர் விலையைக் குறைப்பார்கள்.

செலவை மூலதன ஆதாய வரியில், அதாவது வீடு விற்ற லாபத்துக்கான வரியில், கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். பெயின்ட், பழுது பார்த்தல் எல்லாம் மேம்பாட்டுச் செலவில் சேராது. சேருகிற செலவுக்கும் 12.5 சதவீத வரிதான் மிச்சம். 9 லட்சம் முழுதும் சேர்ந்தாலும் 1.12 லட்சம். நீங்களோ விற்ற இரண்டு ஆண்டுக்குள் ஃப்ளாட் வாங்கப்போகிறீர்கள். ஆதாயத்தை அதில் போட்டால் அந்த அளவுக்கு வரியே வராது. ரிட்டர்ன் தாக்கல் தேதிக்குள் வாங்கி முடியாவிட்டால், பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வையுங்கள்.

உண்மையில் விலையைக் குறைப்பவை இரண்டு: காகிதமும் ஓதமும் (சுவரில் ஏறும் ஈரம்).

வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். 2014 கடனுக்குப் பத்திரத்தை அடமானமாக வங்கியில் ஒப்படைத்தது பதிவாகியிருந்தால், 2021ல் பணம் கட்டியதோடு அது தானாக நீங்காது. வங்கி அதிகாரி ரசீது ஆவணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து கொடுத்தால்தான் கடன் தீர்ந்தது அதில் தெரியும். பழைய கணக்கு என்பதால் கிளையில் இழுத்தடிப்பார்கள். முதலில் அங்கே போங்கள். அடுத்தது வாரிசுச் சான்றிதழ். கணவர் இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடிருந்தாரா? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களோடும் பிள்ளைகளோடும் அவருக்கும் சம பங்கு உண்டு, அவர் கையெழுத்தும் வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த குடும்பங்கள் நிறைய. பட்டா, வீட்டு வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் அதன் பிறகு.

ஒழுகும் மூலையில் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். கீழே கறை எங்கே படர்கிறது என்று பார்த்து, மாடித் தரையில் அந்த இடத்தில் பதித்த தட்டோடுகளை மட்டும் எடுத்து வேலை செய்தால் போதும். கீழே உள்ள சுவரில் விரலை வைத்துத் தேயுங்கள். வெள்ளையாக உப்புப் பொடி ஒட்டினால் பூச்சைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்ட பிறகே ப்ரைமர். ஈரத்தின் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழையில் கொப்புளம் கட்டும். பார்க்க வருகிறவர் முதலில் தட்டிப் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். ஒழுகலுக்கு 30,000. உள்சுவர் சுமார் 3,000 சதுர அடி, வெளிர் நிறத்தில் கூலியோடு சதுர அடிக்கு 18 என்றால் 54,000. சொட்டும் குழாய், உடைந்த சுவிட்ச், குளியலறை டைல்ஸ் இடுக்குக்கு கிரவுட், இதற்கு 15,000. ஒரு லட்சத்துக்குள் முடிகிறது, டெபாசிட்டிலும் பாதி மிச்சம்.

மாடி ஒழுகல் வேலையைத் தம்பிக்கே கொடுங்கள். அளவும் கூலியும் எழுதி வாங்கி, முடித்த வேலைக்கு மட்டும் பணம். கடன் பேச்சை மறுபடி எடுத்தால், "வில்லங்கத்தில் உன் கடைக் கடன் இன்னும் நிற்கிறது, ரசீது பதிய வங்கிக்குக் கூட வா" என்று கூட்டிக்கொண்டு போங்கள்.