ஏரிக்குள் கோபுரம் நிற்கும் இத்தாலியப் பள்ளத்தாக்குக்கு அரை நாள் போதுமா?

கேள்வி இதுதான்: குடும்பத்தோடு ம்யூனிக்கிலிருந்து வெனிஸ் போகிறீர்கள். வழியில் வட இத்தாலியின் ரெஷென் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். அதற்கு அரை நாள் போதுமா, பக்கத்து ஊர்களில் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படத்துக்கு மட்டும் என்றால் அரை நாள்கூட வேண்டாம், பத்து நிமிடம் போதும். கோபுரம் கரையை ஒட்டியே நிற்கிறது. வண்டியை நிறுத்தி, இறங்கி, எடுத்துவிட்டுக் கிளம்பலாம். பெரும்பாலான பேருந்துக் கூட்டம் அதைத்தான் செய்கிறது. ஆனால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு இரவாவது தங்குங்கள். வெனிஸில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாலும் நட்டமில்லை.

இந்தக் கேள்வியைக் கடந்து போக என்னால் முடியவில்லை. நான் மேட்டூர்க்காரன். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தபோது நீருக்குள் போன ஊர்களில் ஒன்று என் தாத்தாவுடையது. அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகும். தாத்தா மட்டும் வரவே மாட்டார். 'அங்க என்ன பாக்கறதுக்கு இருக்குது' என்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே ஒரு கோபுரத்தைப் 'போட்டோ ஸ்பாட்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். உங்கள் மீது கோபமில்லை. தெரியாமல் போய் நிற்பவர்கள்தான் அதிகம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த இத்தாலியக் கோபுரம் இருந்த ஊரின் பெயர் கிரவுன். இத்தாலியில் குரோன் என்பார்கள். ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் ஒட்டும் மூலையில், ரெஷென் கணவாய்க்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆதிஜே ஆறு இறங்கி ஓடும் நீண்ட பள்ளத்தாக்குக்கு வின்ஷ்காவ் என்று பெயர். வரைபடத்தில் வால் வெனோஸ்தா என்றும் போட்டிருக்கும். முதல் உலகப் போர் முடியும் வரை இது ஆஸ்திரியாவின் திரோல் பகுதி. 1919-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் இத்தாலிக்குப் போனது. ஊர்க்காரர்கள் பேசியது ஜெர்மன், இன்றும் பெரும்பாலும் அதுதான். முசோலினி காலத்தில் ஜெர்மன் வழிப் பள்ளிகளை மூடினார்கள். ஊர்களுக்கெல்லாம் இத்தாலியப் பெயர் வைத்தார்கள். வீடுகளின் பின்கட்டில் ஒளிந்து உட்கார்ந்து பிள்ளைகள் தாய்மொழி எழுதப் படித்தார்கள்.

அந்தக் காலத்தில்தான் மின்சாரத்துக்கான அணைத் திட்டம் பெரிதானது. முதலில் ஏரியை ஐந்து மீட்டர் உயர்த்துவதாக இருந்ததை, 1939-இல் மொந்தெகத்தீனி என்ற இத்தாலிய நிறுவனம் இருபத்திரண்டு மீட்டர் என்று கேட்டது. அதற்கான அறிவிப்பை இத்தாலிய மொழியில் ஒட்டினார்கள். வாசித்துப் புரிந்துகொள்ள ஊரில் அநேகமாக ஆள் இல்லை. மறுப்புத் தெரிவிக்கும் கெடு அப்படியே கடந்துபோனது. போரால் வேலை நின்றது. முடிந்துவிட்டது என்று சனங்கள் நிம்மதியாக இருந்தபோது, 1947-இல் சுவிட்சர்லாந்திலிருந்து மூன்று கோடி பிராங்க் பணம் வந்து வேலை மறுபடி தொடங்கியது. ஊர்ப் பாதிரியார் அல்ஃபிரட் ரீப்பர் ரோம் வரை போய்ப் போப்பாண்டவரிடமே முறையிட்டார். பலனில்லை. 1949 கோடையில் சோதனைக்காக நீரைத் தேக்கியபோதே வயல்கள் மூழ்கின. 1950 ஜூலை 9-ஆம் தேதி கடைசித் திருப்பலி. அந்த மாதமே தேவாலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 163 வீடுகளும் 523 ஹெக்டேர் நிலமும் போயின. பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் பழமைச் சின்னம் என்பதால் விட்டுவைத்தார்கள். குளிர்காலத்தில் ஏரிக்குள்ளிருந்து மணியோசை கேட்கும் என்று பயணப் பக்கங்களில் வாசித்திருப்பீர்கள். நீர் ஏறும் முன்பே மணிகளை இறக்கிவிட்டார்கள். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட நடந்ததைச் சொல்லுங்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரை அங்கே அழைத்துப் போனேன். தங்கியிருந்த விடுதியை நடத்தும் மூதாட்டி பழைய கிரவுனில் பிறந்தவர். காலை உணவு முடிந்ததும் ஒரு புகைப்படத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஓரம் மடங்கிய கறுப்பு வெள்ளைப் படம். வைக்கோல் வண்டி, அதன் மேல் இரண்டு குழந்தைகள், பின்னால் இதே கோபுரம். அதற்குக் கீழே கூரைகள், வேலி, ஒரு தண்ணீர்த் தொட்டி. கோபுரத்தின் கல் வளைவுச் சன்னல்களை வைத்துத் தன் வீடு எங்கே இருந்தது என்று விரலால் காட்டினார். பிறகு சன்னலுக்கு வெளியே ஏரியைக் காட்டி, 'அதோ அந்தப் பாய்மரப் பலகை போகிறதே, அங்கே எங்கள் தொழுவம்' என்றார். அம்மாவுக்கு ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், 'நட்டஈடு ஒழுங்கா குடுத்தாங்களான்னு கேளுடா' என்றார். கேட்டேன். கொடுத்ததை வைத்து வேறெங்கும் நிலம் வாங்க முடியவில்லை, பாதிப் பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் தகரக் கொட்டகைபோன்ற வீடுகளில் கிடந்தார்கள் என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே, 'நம்ம தாத்தனும் இதயேதான் சொல்லுவாரு' என்றார். அதன்பிறகு இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் அதிகம் இருக்கவில்லை. எத்தனை மாடு இருந்தது என்பது வரைக்கும் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

இதைப் படித்ததும் 'அணை இல்லாமல் மின்சாரம் வானத்திலிருந்தா வரும்' என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார், தெரியும். நான் மின்சாரத் துறையில்தான் வேலை பார்க்கிறேன். மேட்டூர் நீரில்தான் டெல்டா விளைந்தது என்பதும் தெரியும். அணையே கூடாது என்று எந்த இடத்திலும் நான் சொல்லவில்லை. புரியாத மொழியில் அறிவிப்பு ஒட்டுவதும், பிடுங்கிய நிலத்துக்கு ஈடாக நிலம் தராததும் அணையின் தேவைகள் அல்லவே. அதைச் சொன்னால் வளர்ச்சிக்கு எதிரி என்று முத்திரை குத்துவது நியாயமில்லை.

சரி, மற்ற ஊர்கள். ஏரியிலிருந்து கீழே இறங்கினால் முதலில் புர்கைஸ். அதற்கு மேலே மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று மரியன்பெர்க் மடம் தெரியும். 1,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெனடிக்டின் துறவிகளின் மடம். அதன் நிலவறைக் கோயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓவியங்கள் உண்டு. தேவதைகளின் சிறகில் அந்த நீலம் இன்னும் மங்கவில்லை. அடுத்தது மால்ஸ். அங்கே புனித பெனடிக்ட் சிற்றாலயத்தில் இருப்பவை இன்னும் பழையவை, ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்த சுவரோவியங்கள். உள்ளே இருபது பேர் நின்றாலே நெருக்கம். இதே மால்ஸ்தான் 2014-இல் பூச்சிமருந்து வேண்டாம் என்று பொதுவாக்கெடுப்பு நடத்தி, வாக்களித்தவர்களில் நால்வரில் மூவர் ஆதரித்து ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட ஊர். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி முழுக்க ஆப்பிள் தோட்டம். அந்த மருந்து காற்றில் மேலே வருகிறது என்பதுதான் ஊர்க்காரர்களின் புகார். பிறகு நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாது என்றது வேறு விஷயம்.

குளூர்ன்ஸைத் தவற விடாதீர்கள். மக்கள்தொகை ஏறத்தாழ தொள்ளாயிரம். ஆனாலும் 1304 முதல் நகரம் என்ற உரிமை பெற்றது. 1499-இல் பக்கத்தில் கால்வென் என்ற இடத்தில் சுவிஸ் பக்கத்துப் படையிடம் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் படை தோற்று, நகரம் எரிந்தது. அதன்பிறகு கட்டிய மதில் மூன்று வாயில்களோடு இன்றும் முழுதாக நிற்கிறது. கடைத்தெருவின் வளைவு மண்டபங்கள் அவ்வளவு தாழ்வு, உயரமானவர்கள் குனிந்துதான் போக வேண்டும். அக்கம்பக்கத்து ஊரான ஷ்லுடெர்ன்ஸில் கூர்புர்க் கோட்டை. அங்கே ஆளுக்கேற்ற அளவில் அடித்த இரும்புக் கவசங்கள் வரிசையாக நிற்கும். பையன்களுக்குப் பிடிக்கும்.

அதே ஷ்லுடெர்ன்ஸில் வின்ஷ்காவ் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். கோட்டையைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டு வருபவர்களே அதிகம். 'ஷ்வாபென் குழந்தைகள்' பற்றிய காட்சி அங்கே இருக்கிறது. இந்த மலை ஊர்களில் ஒரு காலத்தில் கொடும் வறுமை. வசந்தகாலம் வந்தால், பனி உருகும் முன்பே, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைக்கூடக் கூட்டமாக மலை தாண்டி நடத்திக்கொண்டு தென் ஜெர்மனியின் ஷ்வாபென் பகுதிக்குப் போவார்கள். அங்கே சந்தையில் விவசாயிகள் வந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து மாடு மேய்க்க அழைத்துப் போவார்கள். கூலி பெரும்பாலும் வயிற்றுச் சோறும் ஒரு சோடித் துணியும் செருப்பும். இலையுதிர் காலத்தில் திரும்ப நடை. இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய பிறகும் இது நடந்தது. இன்று அந்த ஊர்களின் வீட்டு முகப்பில் தொங்கும் பூந்தொட்டிகளைப் பார்த்து 'எப்போதும் பணக்கார ஊர்' என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு அங்கே மிகப் பிடித்தது வாய்க்கால்கள். ஆல்ப்ஸில் இவ்வளவு மழை குறைந்த பள்ளத்தாக்கு அரிது. ஆண்டுக்கு ஐந்நூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். அதனால் பனியாற்று நீரைப் பல நூறு ஆண்டுகளாக மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, முறை வைத்துப் பாய்ச்சினார்கள். வாய்க்காலைக் கவனிக்க ஓர் ஆள் உண்டு, நம் ஊர் நீர்பாய்ச்சி மாதிரி. அவருக்கு உதவியாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வாய்க்காலில் ஒரு சின்ன மரச்சக்கரம் நீரோட்டத்தில் சுழலும். சக்கரத்தின் கட்டை ஒரு சுத்தியலைத் தூக்கித் தூக்கி விடும், அது மணியில் தட்டும். டொக்... டொக்... என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் தண்ணீர் ஓடுகிறது. சத்தம் நின்றால் மேலே எங்கோ இலை அடைத்திருக்கிறது அல்லது கரை உடைந்திருக்கிறது, உடனே மண்வெட்டியோடு ஓட வேண்டும். அம்மா அந்தச் சக்கரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வாய்க்கால் கரையோரமே ஏற்ற இறக்கம் அதிகமில்லாத நடைபாதை போகிறது. பெரியவர்களும் சிரமமில்லாமல் நடக்கலாம்.

லாஸ் ஊரில் வெள்ளைச் சலவைக்கல். நடைபாதை ஓரத்துக்கே சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைச் சிலுவைகளுக்குப் பல்லாயிரக்கணக்கில் கல் போனது இங்கிருந்துதான். ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை 1825-இல் ஆஸ்திரியர்கள் போட்டது. பள்ளத்தாக்கிலுள்ள பிராட் ஊர்ப் பக்கமிருந்து 48 கொண்டை ஊசி வளைவு, 2,757 மீட்டர். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் வேண்டாம். குளிர்காலத்தில் எப்படியும் மூடிவிடுவார்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். 'பார்ல்' என்று இரண்டு தட்டையான கம்புநிற ரொட்டிகளை ஒட்டிச் சுட்டு விற்பார்கள், ரை என்ற தானியத்தின் மாவில் செய்வது. அதில் நீல வெந்தயம் என்ற செடியைப் பொடித்துப் போடுகிறார்கள். நம் வெந்தயத்தின் இனம்தான். சூடாகப் பிய்த்தால் வெந்தயக் குழம்பு வாசனை அப்படியே வரும். ஐரோப்பியச் சாப்பாடு இறங்கவில்லை என்று முகம் சுளித்துக்கொண்டிருந்த அம்மா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

கார் எடுப்பதைப் பற்றிக் கடைசியாக. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நாங்கள் வாடகைக் காரில் போனோம். ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கான டிஜிட்டல் வின்யெட்டை, அதாவது சுங்க அனுமதியை, பணம் கட்டி வாங்கி, ரசீதையும் வைத்திருந்தேன். சில வாரம் கழித்து, வின்யெட் இல்லாமல் ஓட்டியதாகச் சொல்லி வாடகை நிறுவனம் என் அட்டையிலிருந்து அபராதத்தோடு 'நிர்வாகக் கட்டணம்' என்று ஒரு தொகையையும் எடுத்துக்கொண்டது. ரசீதை அனுப்பினேன். அபராதத்தைத் திருப்பினார்கள். நிர்வாகக் கட்டணத்தை மட்டும் திருப்ப மாட்டார்களாம், கடிதம் எழுதிய வேலைக்கான கூலியாம். தங்கள் தவறுக்குத் தாங்களே கூலி வாங்கும் இந்தப் பழக்கத்தை எந்த ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறது? பணம் பெரிதில்லை என்று சொல்லாதீர்கள். என் நேரத்துக்கு யார் கூலி தருவது?

நீங்கள் ரயிலில் போங்கள். ம்யூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக், பிரென்னர் வழியாக போல்சானோ, அங்கிருந்து மெரான். மெரானிலிருந்து மால்ஸ் வரை அறுபது கிலோமீட்டர் வின்ஷ்காவ் ரயில் பாதை. 1906-இல் திறந்தது, 1990-இல் நிறுத்தினார்கள், மக்கள் விடாமல் கேட்டதில் 2005-இல் மறுபடி ஓட விட்டார்கள். மால்ஸிலிருந்து ஏரிக்குப் பேருந்து உண்டு. பெரும்பாலான விடுதிகள் தங்குபவர்களுக்கு ஒரு விருந்தினர் அட்டை தருகின்றன. அதை வைத்துப் பள்ளத்தாக்கின் ரயிலிலும் பேருந்திலும் இலவசமாகப் போகலாம். அறை பதியும்போதே அந்த அட்டை உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கூர்புர்க் கோட்டை குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஆகவே மே முதல் அக்டோபருக்குள் போவதுபோல் திட்டமிடுங்கள்.