இறால் கோதில் இருந்து முழங்கால் குருத்தெலும்பு வளர்க்க முடியுமா?

கேள்வி கேட்டவர் கல்முனைக்காரர். அவருடைய உம்மாவுக்கு 62 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டனவாம். இறால் கோதில் செய்த பொருளை வைத்துப் புதுக் குருத்தெலும்பு வளர்க்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம்.

உங்கள் உம்மாவுக்கு இப்போதைக்கு அது சரிவராது. ஆனால் வீடியோ சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நான் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவன், டொக்டர் இல்லை. பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது. உள்ளே இருக்கும் செல்களும் மிகக் கொஞ்சம். அதனால் காயம் பட்டால் தானாக ஆறாது. செல்களை வெளியே எடுத்துத் தட்டையான தட்டில் வளர்த்தால் அவை தம் உருண்டை வடிவத்தை இழந்து, மூட்டுக்குத் தேவையான இரண்டாம் வகைக் கொலாஜன் புரதத்தை விட்டுவிட்டு முதலாம் வகையைச் சுரக்கத் தொடங்கும். அது தழும்புத் திசுவுக்குத்தான் லாயக்கு. ஆகவே நுண்துளைகள் கொண்ட ஒரு முப்பரிமாணச் சட்டகம் வேண்டும். கொத்தனார் கட்டும் சாரக்கட்டு மாதிரிதான், சுவர் நின்றதும் அது போய்விட வேண்டும்.

சிக்கல் முழுக்க இந்தப் போகிற நேரத்தில்தான் இருக்கிறது. கரையும் தையல் நூலில் உள்ள பாலிகிளைக்கோலிக் அமிலத்தில் சட்டகம் செய்தால் அது சில வாரங்களிலேயே பலம் இழக்கும். செல்கள் அதற்குள் போதிய திசுவைக் கட்டி முடித்திருக்காது. பாலிலாக்டிக் அமிலம் ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும். இரண்டையும் கலந்து வேகத்தைச் சரிசெய்யலாம் என்றாலும், கரையும்போது வெளிவரும் அமிலம் பக்கத்துத் திசுவை அழற்ற வாய்ப்புண்டு. 1997இல் உலகமே பார்த்த, முதுகில் காதுள்ள எலிக்குள் இருந்ததும் இதே குடும்பத்துப் பொருள்தான். அதன் மேல் மாட்டின் குருத்தெலும்புச் செல்கள் விதைக்கப்பட்டிருந்தன. காது வடிவம் கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் உடல் எடையைத் தாங்கும் வேலை காதுக்குக் கிடையாதே.

இறாலுக்கு வருவோம். கோதில் உள்ள கைட்டின் என்ற பொருளைக் காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான் கிடைக்கும். நம் உடம்பின் லைசோசைம் நொதி அதை மெதுவாக வெட்டிவிடும். கனடாவில் உருவான ஒரு சிகிச்சையில், எலும்பில் சிறு துளையிட்டபின் கைட்டோசான் கரைசலை நோயாளியின் இரத்தத்தோடு கலந்து குருத்தெலும்பில் விழுந்த குழிக்குள் நிரப்புகிறார்கள். 2016இல் அமெரிக்கா அனுமதித்த இன்னொரு முறையில், நோயாளியின் சொந்தச் செல்களைப் பன்றிக் கொலாஜன் சவ்வில் வளர்த்துப் பதிக்கிறார்கள். (உங்கள் வீட்டில் அது வேறு பேச்சு, எனக்கும் தெரியும்.)

இவையெல்லாம் விளையாட்டில் அடிபட்டு ஓரிடத்தில் குழி விழுந்த முழங்காலுக்கானவை. சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்தால்தான் புதியது பிடித்து நிற்கும். மூட்டு முழுக்கத் தேய்ந்து, உள்ளே அழற்சியும் இருந்தால் வைத்த திசுவும் சேர்ந்தே கெடும்.

அப்புறம், இறால் கோதுப் பொடி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வாயால் சாப்பிடுவது முழங்காலில் போய்ச் சட்டகமாக நிற்காது. உம்மாவைத் தொடைத் தசைப் பயிற்சிக்குப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போங்கள். படியேறவே முடியாத அளவு என்றால், மூட்டு மாற்று ஒப்பரேஷன் பற்றி எலும்பு நிபுணரிடம் கேளுங்கள்.