ஃபோர்மேன் ஓய்வு பெறுகிறார், ஆறு லட்சத்துக்கு சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

கேள்வி: கோவையில் சிறிய இரும்பு ஃபவுண்டரி (வார்ப்பாலை) நடத்துகிறேன். முப்பது வருடமாக இருக்கும் ஃபோர்மேன் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். ஐஎஸ்ஓ 9001 என்ற தரச் சான்றிதழுக்கு நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் (வேலை தெரிந்தவர்களின் அனுபவத்தைப் பதிந்து வைக்கும் சாஃப்ட்வேர்) கட்டாயம் என்று ஒரு கன்சல்டன்ட் ஆறு லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இதனால் உண்மையிலேயே லாபம் உண்டா?

பதில்: கட்டாயம் என்பது பொய், முதலில் அதை முடித்துவிடுகிறேன். ஐஎஸ்ஓ 9001:2015-இல் 7.1.6 என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார், அதைத் தொலைக்காமல் வை, தேவைப்படுகிறவர் கைக்குக் கிடைக்கச் செய், அவ்வளவுதான் அது கேட்பது. சாஃப்ட்வேர் என்ற பேச்சே அங்கே கிடையாது, நோட்டில் எழுதி வைத்தாலும் செல்லும். இந்த ஒரு பிரிவைக் காட்டியே பயமுறுத்தி விற்கிறார்கள். சிலர் சான்றிதழையும் சேர்த்து பேக்கேஜாகத் தருகிறேன் என்பார்கள், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் ஆலோசனை சொன்னவரே சான்றிதழும் தரக் கூடாது. ஆடிட்டுக்கு வருகிறவர்களில் பலர் ஃபைலில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி, மண் அச்சு செய்கிற மோல்டிங் பக்கம் போய் ஒரு ஆளிடம் நாலு கேள்வி கேட்பதில்லை. இந்த வியாபாரம் ஓடுவதே அதனால்தான், எரிச்சலாக இருக்கிறது.

சரி, பணம் எங்கே மிச்சமாகும்? ஒரு பழைய பேட்டர்னுக்கு (மண்ணில் அச்சு எடுக்கும் மாதிரி வடிவம்) இரண்டு வருடம் கழித்து மறுபடி ஆர்டர் வருகிறது. போன தடவை ஷ்ரிங்கேஜ் (இரும்பு உறையும்போது சுருங்கி விழும் குழி) வந்து ரைசரை (சுருங்கும் இடத்துக்கு உருகிய இரும்பை ஊட்டும் பகுதி) இடம் மாற்றியது ஃபோர்மேனுக்கு மட்டும்தான் தெரியும் என்றால், அவர் போன பிறகு மறுபடி அதே ட்ரையல், அதே ரிஜெக்‌ஷன், அந்த இரும்பைத் திரும்ப உருக்கக் கரன்ட் செலவு, அப்புறம் டெலிவரி தள்ளிப்போய் கஸ்டமரிடம் பேச்சு வாங்குவது. இதை நிறுத்துவதுதான் லாபம்.

பேட்டர்னுக்கு ஒரு பக்கம் போதும்: கேட்டிங் (உருகிய இரும்பு அச்சுக்குள் போகும் வழி), ரைசர் தெரிகிற போட்டோ, ஊற்றிய வெப்பநிலை, மண்ணின் ஈரப்பதம், என்ன குறை வந்தது, என்ன செய்து சரியானது. அதிகம் ரிஜெக்ட் ஆகிறவற்றில் தொடங்குங்கள். ஃபோர்மேனை எழுதச் சொல்லாதீர்கள், நடக்காது. அவர் சொல்லச் சொல்ல இளைய சூப்பர்வைசர் எழுதட்டும், பாதி வேலையை அங்கேயே கற்றுக்கொள்வார். ஒவ்வொரு பக்கத்திலும் ஃபோர்மேன் பெயர் இருக்கட்டும். ஜெராக்ஸ் நிறுவனம் 1990-களில் தன் டெக்னீஷியன்களின் ரிப்பேர் குறிப்புகளை யுரேகா என்ற பெயரில் திரட்டியபோது, ஒவ்வொரு குறிப்போடும் எழுதியவர் பெயரையும் போட்டார்கள். தன் பெயர் நிற்கிறது என்றால்தான் மனிதர்கள் மனம் விட்டுச் சொல்வார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்ப்யூட்டர் வேண்டும் என்பேன்: டிராயிங் ரிவிஷன். கஸ்டமர் ஒரு அளவை மாற்றி புது டிராயிங் அனுப்புவார், ஆபீசில் புதியது இருக்கும், பேட்டர்ன் ஷாப் சுவரில் பழையது தொங்கும், வாட்ஸ்அப்பில் இன்னொன்று சுற்றும், முழு லாட்டும் வார்த்த பிறகுதான் தெரியும். நாலைந்து கஸ்டமர், அடிக்கடி மாறும் டிராயிங் என்றால் பழையதைத் திறக்கவே விடாத ஒரு ஏற்பாடு தேவை. இரண்டு கஸ்டமர்தான், டிராயிங் மாறுவதே இல்லை என்றால் இதுவும் வேண்டாம். அந்த ஏற்பாடு தேவைப்பட்டாலும் அதற்கு ஆறு லட்சம் ஆகாது.

எதை வாங்கினாலும், சந்தாவை நிறுத்தினால் நம் தகவல் முழுவதையும் போட்டோக்களோடு எக்செல், பிடிஎஃப்பில் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாமல், கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.