பட்டியல் 11 நாளில் நின்றுபோகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு 19 வயது. 400 மீட்டர் ஓடுகிறேன். கல்லூரிப் படிப்பு ஒரு பக்கம், காலை 5.30-க்கும் மாலையும் பயிற்சி ஒரு பக்கம். வருடத் தொடக்கத்தில் 12 நல்ல பழக்கங்களைப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினேன்: 8 மணி நேரத் தூக்கம், தியானம், நீட்சிப் பயிற்சி, டைரி, 4 லிட்டர் தண்ணீர், புத்தக வாசிப்பு, மொபைலைக் குறைப்பது, இப்படி. 11-ஆம் நாள் வெளியூர்ப் போட்டிக்குப் போனேன். திரும்பி வந்தபின் ஒன்றையும் தொடர முடியவில்லை. இது மூன்றாவது முறை. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள், என்னால் அதைக்கூடத் தாண்ட முடியவில்லை. எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: மன உறுதி இல்லாதவர் காலை 5.30-க்கு டிராக்கில் நிற்க முடியாது. அங்கிருந்தே தொடங்குவோம். தினமும் காலையில் கிரவுண்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று நீங்கள் யோசிப்பதில்லை. நேரம் மாறாது, இடம் மாறாது, கோச் காத்திருப்பார், கூட ஓடுபவர்கள் வந்திருப்பார்கள். இத்தனையும் சேர்ந்து உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. சுவரில் ஒட்டிய 12-க்கு அப்படி எதுவும் இல்லை. ‘தியானம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது, எங்கே, எது முடிந்ததும்? அது அந்தத் தாளில் இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுத்துச் செய்ய வேண்டியிருந்தது. நாளுக்கு 12 முடிவு என்றால் யாராக இருந்தாலும் 11 நாளில் களைத்துத்தான் போவார்கள்.

21 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். 1960-இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பின் தன் புது முகம் கண்ணுக்குப் பழக நோயாளிக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். அதில் இருந்த ‘குறைந்தது’ என்ற சொல் நாளடைவில் உதிர்ந்துபோய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று பரவிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது: 18 நாள் முதல் 254 நாள் வரை (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணித்துச் சொன்னவை). ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஒட்டிக்கொண்டன, உடற்பயிற்சி போன்றவை நேரம் எடுத்தன. உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. போட்டிக்குப் போனதால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. திரும்பி வந்ததும் ‘எல்லாம் போச்சு’ என்று நினைத்தீர்களே, அதுதான் நிறுத்தியது.

சரி, இப்போது என்ன செய்வது? பட்டியலைக் கழற்றிவிடுங்கள். முதல் இரண்டு மாதத்துக்கு இரண்டே இரண்டு பழக்கம். ஒன்று தூக்கம். இன்னொன்று நோட்டு.

தூக்கத்தை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். தசை பழுதுபார்க்கப்படுவதும், பகலில் கற்ற ஸ்டார்ட் நுணுக்கம் மூளையில் படிவதும் தூக்கத்தின் துணையோடுதான். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 11 கூடைப்பந்து வீரர்களை 5 முதல் 7 வாரம் வரை தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய ஸ்பிரிண்ட் நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 விநாடிக்கு இறங்கியது. ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் ஏறியது. 2011-இல் வெளிவந்த ஆய்வு இது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு என்பதால் அந்த எண்களை அப்படியே உங்களுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் நான் பயிற்சி கொடுத்தவர்களிடம் பார்த்ததும் அதே திசையில்தான் இருக்கிறது. வளரிளம் விளையாட்டு வீரர்களைப் பற்றிய 2014 ஆய்வு ஒன்றில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 5.30-க்கு டிராக்கில் நிற்க 4.45-க்காவது எழ வேண்டும். 8 மணி நேரம் வேண்டுமென்றால் இரவு 8.45-க்குத் தூங்கியிருக்க வேண்டும். மாலைப் பயிற்சி, சாப்பாடு, படிப்பு எல்லாம் முடித்துவிட்டு இது முடியுமா? பெரும்பாலான நாட்களில் முடியாது. ‘8 மணி நேரத் தூக்கம்’ என்று சுவரில் எழுதியதால் உங்கள் நாளில் அந்த நேரம் உண்டாகிவிடாது. அதனால் மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப் பாருங்கள். இரவில் இப்போது படுப்பதைவிட 30 நிமிடம் முன்னதாகப் படுங்கள். மதியம் 3 மணிக்குள் 20 முதல் 30 நிமிடம் ஒரு குட்டித் தூக்கம். மூன்றாவது, கோச்சிடம் பேசுங்கள்: வாரத்தில் இரண்டு காலையாவது பயிற்சியை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா? கேட்கத் தயங்காதீர்கள். தூக்கம் குறைந்த உடம்பில் கடுமையான பயிற்சியை ஏற்றுவதால் யாருக்கும் லாபம் இல்லை, அது நல்ல கோச்சுக்குத் தெரியும்.

பகலில் தூங்குவது சோம்பேறித்தனம் என்று உங்களுக்குள் ஒரு குரல் இருந்தால் அதற்கு ஒரு பதில். பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், மிகச் சிறந்தவர்கள் அதிக நேரம் பயிற்சி செய்தார்கள் என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், மதியத் தூக்கமும் அதில் சேர்த்தி என்பதை யாரும் சொல்வதில்லை.

30 நிமிடம் முன்னதாகப் படுப்பதை எப்படிப் பழக்கமாக்குவது? மணியைப் பார்த்துப் படுக்காதீர்கள். ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். மறுநாள் பையை இரவில்தானே அடுக்குகிறீர்கள்? அதுதான் முடிச்சு. ஸ்பைக்ஸ் ஷூ உள்ளே போயிற்று, தண்ணீர் பாட்டில் போயிற்று, துண்டு போயிற்று, ஜிப்பை இழுத்தாயிற்று. இழுத்த கையோடு மொபைலை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். அலாரம் அங்கேயே அடிக்கட்டும், எழுந்து போய் நிறுத்த வேண்டியிருப்பதும் நல்லதுதான். அப்புறம் விளக்கை அணைத்துவிடுங்கள். பை, மொபைல், விளக்கு என்று தினமும் இதே வரிசை. ‘இது நடந்தால் உடனே அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், வெறுமனே ‘செய்வேன்’ என்று தீர்மானிப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து பல சோதனைகளில் காட்டிய விஷயம்.

இன்னொன்று: மாலைப் பயிற்சிக்கு முன் காபி குடிக்கிறீர்களா? காபியில் உள்ள காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் குடித்தால் இரவு 10 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும்.

அடுத்தது நோட்டு. நீங்கள் ‘டைரி’ என்று எழுதியதை நான் சுருக்கிக் கேட்கிறேன். பயிற்சி முடிந்து, ஷூ கழற்றி, கூல்-டவுன் எல்லாம் ஆகி அரை மணி நேரம் கழித்து, நாலு வரி. முதல் வரியில் நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். இரண்டாவதில் இன்றைய பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10-க்குள் ஓர் எண், அதைப் பயிற்சி நிமிடத்தால் பெருக்குங்கள். 70 நிமிடப் பயிற்சி, கடினம் 6 என்றால் 420. கார்ல் ஃபாஸ்டர் என்ற உடலியலாளர் உருவாக்கிய முறை இது. விலை உயர்ந்த கருவிகள் வைத்திருக்கும் அணிகளும் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன. மூன்றாவது வரி, இன்று எது சரியாக வந்தது. நாலாவது, நாளை எந்த ஒன்றை மாற்றிப் பார்ப்பேன்.

என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு நீளம் தாண்டும் பெண்ணின் நோட்டில் ஒரு பக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதில் ‘பலகை’ என்பது ஓடிவந்து கால் ஊன்றித் தாண்டும் பலகை. செவ்வாய்: ‘5 மணி நேரம். 80 x 8 = 640. ஓட்டம் சரி. பலகை தப்புகிறது.’ புதன்: ‘5½. 75 x 8 = 600. பலகை தப்புகிறது. ஓட்டத் தொடக்கத்தை அரை அடி பின்னால் வைக்கணும்.’ வியாழன்: ‘5. பலகை தப்புகிறது. எனக்குத் தாண்டவே வரவில்லை.’ நாங்கள் இரண்டு வாரமாக ஓட்டத் தொடக்கக் குறியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தோம். அன்று அந்தப் பக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தபோதுதான் இடது ஓரத்தில் இருந்த எண்கள் கண்ணில் பட்டன: 5, 5½, 5. தேர்வு நேரம், அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாள் பளுவைப் பாதியாகக் குறைத்தோம், தூங்கச் சொன்னேன். அடுத்த வாரம் பழைய குறியிலிருந்தே பலகையைத் தொட்டாள்.

நோட்டு இல்லாவிட்டால் அந்த வியாழக்கிழமை வரியை அவள் உண்மையென்றே நம்பியிருப்பாள். ‘எனக்கு வரவில்லை’ என்பது தன்னைப் பற்றிய தீர்ப்பு. ‘5 மணி நேரத் தூக்கத்தில் பலகை தப்புகிறது’ என்பது சரிசெய்யக்கூடிய ஒரு தகவல். முன்னதைப் பின்னதாக மாற்றக் கற்பதைத்தான் ஒரு விளையாட்டு வீரரின் தனிப்பட்ட வளர்ச்சி என்று நான் நினைக்கிறேன். உங்கள் கேள்வியின் கடைசி வரியும் அப்படி ஒரு தீர்ப்புதான்.

பட்டியலில் மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4 லிட்டர் என்ற எண் எல்லோருக்கும் பொருந்தாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை 2 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், அதாவது 55 கிலோவுக்கு 1.1 கிலோ, செயல்திறன் பாதிக்கப்படத் தொடங்கும். அவ்வளவு இறங்காவிட்டால், தாகத்துக்கேற்ப குடிப்பதே போதும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும். ஓடுவதற்கு முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் நீட்சி வேண்டாம், அது வேகத்தைச் சற்றுக் குறைக்கும். அசைவோடு கூடிய வார்ம்-அப் போதும், நீண்ட நீட்சியை இரவுக்கு வையுங்கள். தியானமும் வாசிப்பும் நல்லவை, இரண்டு மாதம் காத்திருக்கட்டும்.

சாப்பாடு உங்கள் பட்டியலிலேயே இல்லை, அது எனக்கு உறுத்துகிறது. இரண்டு வேளை பயிற்சி செய்பவருக்கு எடைக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. அதைவிட முக்கியம், மொத்தச் சாப்பாடு குறையக் கூடாது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பட்டினி கிடப்பவர்களை ஓட்டப் பந்தயத்தில் நிறையப் பார்க்கிறேன். செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு ஈடாகாவிட்டால் எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாம் பாதிக்கப்படும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கென்றே தனிப் பெயர் வைத்து எச்சரித்தது. மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றாலோ, ஒரே இடத்தில் எலும்பு வலி விடாமல் இருந்தாலோ, கடுமையான பயிற்சியின் சாதாரண விளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஒருவேளை சாப்பாட்டைத் தள்ளிவிடுவது உங்கள் வழக்கமாக இருந்தால், நான் மேலே சொன்ன இரண்டோடு இதை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம்.

இனி வெளியூர்ப் போட்டி. மூன்று முறையும் உங்களை வீழ்த்தியது இதுதானா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. போட்டி நாளில் உங்கள் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடுகின்றன. அறை வேறு, நேரம் வேறு, கூட்டமாகத் தங்குகிறீர்கள். அதனால் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு சின்ன வடிவத்தை இப்போதே எழுதி வையுங்கள். தூக்கத்தின் சின்ன வடிவம்: எத்தனை மணிக்குப் படுத்தாலும் சரி, பை ஜிப் போட்டதும் மொபைல் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். நோட்டின் சின்ன வடிவம்: நாலு வரிக்குப் பதில் ஓர் எண், நேற்றுத் தூங்கிய மணி நேரம். அவ்வளவுதான். 10 விநாடி வேலை. போட்டிக்கு முந்தின இரவு பதற்றத்தில் தூக்கம் வராமல் போகலாம். அதற்காகவும் பயப்படாதீர்கள், அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கியிருந்தால் ஓர் இரவு உங்களைக் கவிழ்த்துவிடாது.

திரும்பி வந்த முதல் நாள்தான் கவனம் வேண்டும். அன்று விட்டுப்போனதை ஈடுகட்ட முயலாதீர்கள். பையை அடுக்கும்போது நோட்டைப் பையின் மேல் பாக்கெட்டில் வையுங்கள், பேனாவை அதிலேயே செருகி. திறந்ததும் கையில் தட்டுப்படும்.