அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நினைச்சா என்ன வேணா பண்ண முடியுமா?

முடியாதுங்க. ஒன்பது பேர் உக்காந்து ஒரு சட்டத்தையே செல்லாதுன்னு தூக்கி எறியறத பாத்தா அப்படித்தான் தோணும், ஆனா அவங்களுக்கு இருக்கற கட்டுப்பாடு கொஞ்சநஞ்சமில்ல, அதுல பாதி அரசியல் சாசனத்துல கோர்ட்ட பத்தி பேசற ஆர்ட்டிகிள் 3லயே இருக்கு.

அவங்களா போய் எதையும் கையில எடுக்க முடியாது, நெஜமா ஒரு வழக்கு வரணும், பாதிக்கப்பட்ட ஆள் வரணும். 1793ல பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சண்டை நடக்குது, பிரான்சோட போட்ட ஒப்பந்தப்படி நாம எது செய்யலாம் எது கூடாதுன்னு அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனோட அரசாங்கம் 29 கேள்விய எழுதி நீதிபதிகளுக்கு அனுப்புச்சு. தலைமை நீதிபதி ஜான் ஜேவும் மத்தவங்களும் இது எங்க வேலை இல்லன்னு மரியாதையா லெட்டர் போட்டுட்டாங்க. கேட்டது வாஷிங்டன், அவருக்கே அந்த பதில்தான்!

1803 மார்பரி கேஸ்லதான் கோர்ட்டுக்கு சட்டத்த செல்லாதுன்னு சொல்ற பவர் வந்துச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான், ஆனா தனக்கு சேர வேண்டிய பதவிய தரலன்னு கேஸ் போட்ட மார்பரிக்கு என்ன கெடச்சுதுன்னு யாரும் கேக்கறதில்ல. ஒண்ணும் கெடைக்கல. பதவி உனக்கு சேர வேண்டியதுதான், ஆனா நீ நேரா எங்ககிட்ட வர வழி விட்ட சட்டப்பிரிவே செல்லாதுப்பான்னு அனுப்பிட்டாங்க.

என்னை கேட்டா இந்த கேள்விக்கு சரியான கேஸ் மெக்கார்டில்தான். உள்நாட்டுப் போர் முடிஞ்ச சமயம், தெற்குல ராணுவ ஆட்சி. மிசிசிப்பியில மெக்கார்டில்னு ஒரு பத்திரிகை ஆசிரியர் அத திட்டி எழுதினாருன்னு ராணுவம் புடிச்சு உள்ள வெச்சுருச்சு. அவரு 1867ல காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) போட்ட ஆட்கொணர்வு சட்டத்த வெச்சு சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போனாரு. 1868 மார்ச்ல வாதமெல்லாம் முடிஞ்சு போச்சு, தீர்ப்புதான் பாக்கி. எங்க ராணுவ ஆட்சிய செல்லாதுன்னு சொல்லிருவாங்களோன்னு காங்கிரசுக்கு பயம், உடனே அந்த அப்பீல் பிரிவையே ரத்து பண்ணிட்டாங்க, அதிபர் ஜான்சன் வீட்டோ போட்டும் அத மீறி பாஸ் பண்ணாங்க (அதே மாசம்தான் ஜான்சனையே பதவி நீக்க செனட்ல விசாரணை, அதுக்கு தலைமை தாங்கினதும் இந்த வழக்க கேட்ட சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி சேஸ்தான்). 1869ல கோர்ட் என்ன சொல்லுச்சு? காங்கிரஸ் எதுக்காக இத பண்ணுச்சுன்னு நாங்க நோண்ட முடியாது, எங்களுக்கு இந்த வழக்க விசாரிக்க அதிகாரம் இல்லன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஏன்னா அப்பீல் அதிகாரத்துல காங்கிரஸ் விதிவிலக்கு போடலாம்னு ஆர்ட்டிகிள் 3லயே இருக்கு. இது எவ்வளவு தூரம் போகலாம்னு இன்னிக்கும் வக்கீலுங்க சண்டை போட்டுக்கறாங்க.

நீதிபதிங்க எத்தன பேருங்கறதும் காங்கிரஸ் கையில, சாசனத்துல ஒன்பதுன்னு எங்கயும் கெடையாது, 1789ல ஆறு பேர்தான், அப்புறம் ஏறி எறங்கி ஒன்பதுலயே நிலைச்சது 1869ல. சிலத அவங்களே தொட மாட்டாங்க, கட்சி லாபத்துக்கு தொகுதிய வெட்டி ஒட்டறது அரசியல் கேள்வி, ஃபெடரல் கோர்ட்டு வேலை இல்லன்னு 2019ல சொல்லிட்டாங்க (எனக்கு அதுல உடன்பாடு இல்ல).

தீர்ப்பு குடுத்தாலும் நிறைவேத்த ஆள் அவங்ககிட்ட கெடையாது. 1832ல செரோக்கிங்கற பழங்குடி மக்களோட நிலத்துல ஜார்ஜியா சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு, ஆனா அந்த கேஸ் போட்ட பாதிரியார் வூஸ்டர ஜார்ஜியா விடவே இல்ல, 1833 ஜனவரியில கவர்னர் பாத்து மன்னிப்பு குடுத்த பிறகுதான் வெளிய வந்தாரு, செரோக்கி மக்கள அப்புறம் ராணுவத்த வெச்சே தொரத்திட்டாங்க. ஸ்கூல்ல கறுப்பு வெள்ளைன்னு பிரிக்கக்கூடாதுன்னு கோர்ட் தீர்ப்பு குடுத்திருந்தும், 1957ல லிட்டில் ராக் ஸ்கூல்ல ஒன்பது கறுப்பின பசங்க உள்ள போக முடிஞ்சதுக்கு காரணம், அதிபர் ஐசன்ஹோவர் 101வது ஏர்போர்ன் படைய அனுப்பினது.