65 வயதில் முதல் இசைத்தட்டு: கார்ட்டோலா

கேள்வி: திறமை இருந்தும் 60 வயதைத் தாண்டிய பிறகே வெளியுலகம் கண்டுகொண்ட பாடகர், பாடலாசிரியர் யாராவது உண்டா?

உண்டு. பிரேசிலின் கார்ட்டோலா. அவருடைய முதல் தனி இசைத்தட்டு 1974இல் வெளிவந்தபோது அவருக்கு 65 வயது. ஆனால் 'கண்டுகொண்ட' என்ற சொல்லோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை. அவர் எழுதிய பாட்டுகளை, அவருக்கு இருபது வயது தாண்டியதுமே நகரம் பாடிக்கொண்டிருந்தது. அவரைப் பாடவைத்து ஒரு தட்டு போடத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

இயற்பெயர் அன்ஜெனோர் டி ஒலிவேய்ரா. 1908 அக்டோபர் 11 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிறந்தார். தாத்தா, நிலோ பெசான்யா என்ற அரசியல் தலைவரிடம் சமையல்காரர். தாத்தா இருந்தவரை குடும்பம் ஓரளவு நன்றாகவே ஓடியது. அவர் போனதும் வாடகை கட்ட வழியில்லாமல் மங்கேய்ரா குன்றில் ஒரு குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள். பையனுக்கு அப்போது 11 வயது. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. பதின்ம வயதில் அம்மா இறந்தார். கொஞ்ச நாளில் அப்பாவும் வீட்டை விட்டுத் துரத்திவிட்டார். குடி, நோய், ரயில் பெட்டிகளில் தூக்கம் என்று கிடந்தவரைக் கவனித்துக்கொண்டது பக்கத்து வீட்டு தியோலிந்தா. அவர் ஏற்கெனவே கல்யாணமானவர், இவரைவிட வயதில் மூத்தவர். கடைசியில் கணவரை விட்டுவிட்டு இவரோடு வாழத் தொடங்கினார்.

கொத்து வேலை செய்யும்போது தலையில் சிமெண்ட் படியாமலிருக்க ஒரு வட்டத் தொப்பி போட்டுக்கொள்வாராம். கார்ட்டோலா என்ற பட்டப்பெயர் அந்தத் தொப்பியால் வந்தது. 1928இல் குன்றத்து நண்பர்களோடு சேர்ந்து மங்கேய்ரா சம்பா பள்ளியைத் தொடங்கினார். சம்பா என்பது பிரேசிலின் ஆட்டப்பாட்டு இசை. பள்ளி என்றால் பாடம் நடக்கும் இடமில்லை, கார்னிவல் ஊர்வலத்துக்கு ஆட்டமும் பாட்டும் தயார் செய்கிற பேட்டைச் சங்கம். இன்றும் ரியோவில் அந்தப் பள்ளிக்குத் தனி மவுசு உண்டு. அதன் பச்சையும் ரோஜா நிறமும் கார்ட்டோலா தேர்ந்தெடுத்தவை.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அப்போது ரியோவில் வானொலியும் இசைத்தட்டும் வளர்ந்துகொண்டிருந்த நேரம். பாடகர்களுக்குப் புதுப் பாட்டுகள் தேவை. அவை குன்றுகளில் கொட்டிக் கிடந்தன. மாரியோ ரெய்ஸ் என்ற பிரபலப் பாடகர் ஒரு சம்பாவை விலைக்கு வாங்க விரும்புகிறார் என்று சேதி வந்தபோது கார்ட்டோலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டை யாராவது விற்பார்களா? 50 மில்ரெய்ஸ் (அன்றைய பிரேசில் பணம்) கேட்கலாம் என்று நினைத்தார். கூட இருந்தவர் 500 கேளு என்றார். கடைசியில் 300க்குப் படிந்தது. அதை இசைத்தட்டில் பாடியவர் அன்றைய நட்சத்திரம் பிரான்சிஸ்கோ ஆல்வெஸ். 1930களில் கார்மென் மிராண்டா, சில்வியோ கால்தாஸ் என்று பெரிய பெரிய குரல்கள் அவர் பாட்டுகளைப் பாடின. நோயெல் ரோசா போன்ற பாடலாசிரிய மேதை குன்றேறி வந்து அவர் வீட்டில் தங்கிப் போவார். பாட்டு மட்டும் குன்றிலிருந்து இறங்கிப் போய்ச் சம்பாதித்தது. எழுதியவர் கொத்து வேலைக்குத் திரும்பினார். இனமும் வர்க்கமும் சேர்ந்து நடத்திய ஏற்பாடு இது. இதை விட்டுவிட்டு 'தாமதமான வெற்றி' என்று கதை சொன்னால் யாரோ செய்த வேலை விதியின் தலையில் விழுந்துவிடும்.

1940இல் ஒரு வாய்ப்பு வந்தது. அமெரிக்க இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி கப்பலில் ரியோ வந்தார். பிரேசில் இசையமைப்பாளர் வில்லா லோபோஸ் உள்ளூர்க் கலைஞர்களைத் திரட்டிக் கொடுக்க, கப்பலிலேயே ஒலிப்பதிவு நடந்தது. கார்ட்டோலா சொந்தக் குரலில் பாடியதும் பதிவாகி, கொலம்பியா நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது. அவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு இருட்டு. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தார். தியோலிந்தா இறந்துபோனார். குன்றை விட்டே காணாமல் போனார். செத்துவிட்டார் என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். அவரைத் திரும்ப மங்கேய்ராவுக்குக் கூட்டிவந்தவர், பின்னாளில் அவர் மனைவியான ஸிகா. 1950களின் நடுவில் செர்ஜியோ போர்ட்டோ என்ற பத்திரிகையாளர் ரியோவின் இபனேமா பகுதியில் ஒரு நள்ளிரவில் கார் கழுவும் ஒருவரைப் பார்த்து, 'இவர் கார்ட்டோலா அல்லவா!' என்று அதிர்ந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல கதைதான், போர்ட்டோவும் வானொலியில் பாட ஏற்பாடு செய்து உதவினார். ஆனால் அதற்குப் பின்னும் முதல் இசைத்தட்டுக்குக் கிட்டத்தட்ட 18 வருடம் ஆனது. இடையில் ஒரு அமைச்சக அலுவலகத்தில் காபி கொடுக்கும் கடைநிலை ஊழியராக வேலை பார்த்தார்.

என்னைக் கேட்டால் கண்டுபிடித்த பெருமையை ஸிகாவுக்குத்தான் கொடுப்பேன். 1963இல் இருவரும் கரியோகா தெருவில் 'ஸிகார்ட்டோலா' என்ற உணவகத்தைத் தொடங்கினார்கள். அடுப்படியில் ஸிகா, கூடத்தில் கார்ட்டோலா. நெல்சன் கவாக்கின்யோ, ஸே கேத்தி போன்ற குன்றத்துக் கலைஞர்களும் நடுத்தர வர்க்கத்து மாணவர்களும் போசா நோவா என்ற புது இசைப் பாணியின் ஆட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். வங்கி வேலையில் இருந்த இளம் பாடகர் பவுலின்யோ ட வியோலா பாட்டுக்காக வாங்கிய முதல் காசு கார்ட்டோலா கையால் கொடுத்தது. உணவகம் இரண்டு வருடத்தில் மூடப்பட்டது. இருவருக்கும் கணக்குப் பார்க்க வராது. ஆனால் 1964இல் பாடகி நாரா லியாவ் கார்ட்டோலாவின் பாட்டை இசைத்தட்டில் பாடினார் என்றால், அந்தச் சூழலுக்கு அதில் பங்குண்டு.

1974இல் மார்குஸ் பெரேய்ரா என்ற சின்ன நிறுவனம் முதல் தட்டை வெளியிட்டது. 1976இல் இரண்டாவது. அதில்தான் 'ரோஜாக்கள் பேசுவதில்லை' இருக்கிறது. தோட்டத்தில் இவ்வளவு ரோஜா ஏன் பூக்கிறது என்று ஸிகா கேட்க, எனக்கென்ன தெரியும், ரோஜா பேசுமா என்று இவர் சொன்னதிலிருந்து பிறந்த பாட்டு என்பார்கள். 'உலகம் ஒரு மாவு மில்' பாட்டும் அதில்தான். வீட்டை விட்டுப் புறப்படும் இளம்பெண்ணிடம், உன் கனவுகளை இந்த உலகம் அரைத்துத் தள்ளிவிடும் என்று எச்சரிக்கிறார். திட்டாமல், கெஞ்சாமல், மெதுவாக. இணையத்தில் ஒரு பழைய காணொளி கிடைக்கும். வீட்டை விட்டுத் துரத்திய அதே அப்பா முன்னால் உட்கார்ந்து கிதார் வாசித்துக்கொண்டே இதைப் பாடுகிறார். இருவருமே கிழவர்கள்.

குரல் கம்பீரமானது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் அடைத்த, தேய்ந்த குரல். 30 வயதில் பாடியிருந்தால் இந்தப் பாட்டுகளுக்கு இந்த நிதானம் வந்திருக்காது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 30 வயதுக் கார்ட்டோலாவின் ஒரு முழுத் தட்டு நம்மிடம் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1977இலும் 1979இலும் இன்னும் இரண்டு தட்டுகள் வந்தன. 1980 நவம்பர் 30 அன்று புற்றுநோயால் இறந்தார். கேட்க விரும்பினால் ஒரு குறிப்பு: முதல் இரண்டு தட்டுகளுக்குமே தலைப்பு வெறும் 'கார்ட்டோலா'தான், தேடும்போது குழம்பும். அட்டையில் அவரும் ஸிகாவும் ஜன்னலோரம் நிற்பது 1976 தட்டு. அதிலிருந்து தொடங்குங்கள்.