பூங்கா இடத்தில் புது பிளாக்: பில்டர் மரங்களை வெட்டுகிறார், தடுக்க முடியுமா?

கேள்வி: 120 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் ஃபிளாட் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவான திட்டம். விற்கும்போது கொடுத்த விளம்பரப் புத்தகத்தில் நடுவே பூங்காவும் அதில் ஏற்கெனவே நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரங்களும் இருந்தன. இப்போது அங்கே இன்னொரு பிளாக் வரப்போகிறது என்கிறார் பில்டர். போன சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மரங்களை வெட்டிவிட்டார்கள். கேட்டால், "ஒப்பந்தத்தில் நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார். எங்களுக்கு இன்னும் சங்கம்கூட இல்லை. என்ன செய்வது?

பதில்: சனிக்கிழமை சாயங்காலம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கவனியுங்கள். மறுநாள் கோர்ட்டும் கிடையாது, அலுவலகமும் கிடையாது. திங்கட்கிழமை நீங்கள் மனுவோடு போய் நிற்கும்போது அடிக்கட்டைதான் மிச்சம். சட்டவிரோதக் கட்டடத்தை இடிக்க உத்தரவு வாங்கிவிடலாம், சாய்ந்த மரத்தை நிமிர்த்த யாராலும் ஆகாது. அதனால் அடுத்த சனிக்கிழமைக்குள் காரியம் நடக்க வேண்டும்.

முதலில் மிச்சமுள்ள மரங்களுக்கு சாக்பீஸால் எண் போடுங்கள். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுத்து, டேப்பும் எண்ணும் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் படம் பிடியுங்கள். வெட்டிய இரண்டின் அடிக்கட்டைகளையும் விடாதீர்கள். பின்னாலிருக்கும் உங்கள் பிளாக்கும் படத்தில் விழட்டும். "அங்கே மரமே இல்லை, புதர்தான் இருந்தது" என்ற பதில் மனுவை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம், அனுமதி பெற்ற வரைபடம். விளம்பரப் புத்தகத்தைவிட இதற்குத்தான் மதிப்பு. ரெரா இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் திட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி முத்திரையிட்ட நகல் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு என்பதால் மனுவை இன்றே போட்டுவிடுங்கள்.

வரைபடத்தை விரித்ததும் பச்சைக் கோடு போட்ட இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. ஓரத்தில் இருக்கும் குறிப்புப் பெட்டியையும் படியுங்கள். ஒரு கட்சிக்காரர் பூங்கா என்று மூன்று வருடம் நம்பிய இடத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் "எதிர்கால விரிவாக்கம்" என்று எழுதியிருந்தது. உங்களுடையதும் அப்படியென்றால் கட்டடத்தைத் தடுப்பது கடினம். பொய்யான விளம்பரத்தை நம்பி வாங்கியதால் வந்த நஷ்டத்துக்கு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இழப்பீடு கேட்கலாம்.

வரைபடத்தில் பூங்கா என்றே இருந்தால் உங்கள் கை ஓங்கிவிடும். அந்தச் சட்டப்படி பூங்காவும் விளையாட்டு இடமும் பொதுப் பகுதிகள். 14-ஆவது பிரிவின்படி, அனுமதி பெற்ற வரைபடத்திலோ பொதுப் பகுதியிலோ மாற்றம் செய்ய, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் முன்கூட்டியே வேண்டும். 120 வீட்டுக்கும் 120 பேர் என்று வைத்துக்கொண்டால் 80 பேர். பில்டரின் கையில் விற்காமல் கிடக்கும் வீடுகள் கணக்கில் வராது. ஒருவரே ஐந்து ஃபிளாட் வாங்கியிருந்தாலும் அவர் ஒரு ஆள்தான்.

சரி, ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து? "எதிர்காலத்தில் எந்த மாற்றத்துக்கும் சம்மதம்" என்ற பொத்தாம்பொதுவான வரியாகத்தான் இருக்கும். என்ன மாற்றம் என்றே சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதமாகாது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பழைய ஃபிளாட் சட்டத்தின் கீழ் மும்பை உயர் நீதிமன்றம் இதே நிலையை எடுத்திருக்கிறது.

சங்கம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். பாதிக்கப்பட்ட எவரும் 31-ஆவது பிரிவில் ரெராவில் புகார் கொடுக்கலாம். ஐந்தாறு பேர் சேர்ந்து போனால் நல்லது. புகாரோடு 36-ஆவது பிரிவில் இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனுவும் போட வேண்டும். அதில் மரம் வெட்டுவதையும் சேர்த்து நிறுத்தச் சொல்லுங்கள், கட்டுமானத்துக்கு மட்டும் தடை வாங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். பலர் பழக்க தோஷத்தில் நேராக சிவில் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ரெரா முடிவு செய்ய வேண்டிய விஷயங்களில் 79-ஆவது பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. போய்த் திரும்புவதற்குள் அஸ்திவாரம் எழும்பிவிடும்.

பூங்காவை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் கொடுத்துவிட்டார்களா என்றும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கொடுத்திருந்தால் அது பொதுச் சொத்து, உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 1991-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள்தான். அவர்களுக்கு வழக்குத் தொடர உரிமை உண்டு என்பதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

மரத்துக்கென்று தனிச் சட்டம் எல்லா மாநிலத்திலும் கிடையாது. டெல்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், மகாராஷ்டிரத்தின் நகரங்களில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் என இருக்கும் இடங்களில், சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். உங்கள் மாநிலத்தில் இல்லாவிட்டால் சுற்றுச்சூழல் அனுமதியைப் பாருங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் என்றால் அந்த அனுமதி கட்டாயம். பசுமைப் பரப்பு பற்றிய நிபந்தனைகள் அதில் இருக்கும். அதை மீறினால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம்.

இன்னொன்று. இதுவரை உங்களில் 80 பேர் சம்மதம் கொடுக்கவில்லை என்றால் இனி அதைத் தேடி பில்டரின் ஆட்கள் வீடு வீடாக வருவார்கள். கார் பார்க்கிங் ஒதுக்கீடு, பராமரிப்புக் கட்டணம் என்று ஏதாவது ஒரு தாளோடு வருவார்கள். வாங்கி வையுங்கள், ஜெராக்ஸ் எடுங்கள், வக்கீலிடம் காட்டுகிறவரை கையெழுத்து மட்டும் போடாதீர்கள். வேலைக்காக வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இன்று ராத்திரியே போன் செய்து இதைச் சொல்லிவிடுங்கள். அவர்களைத்தான் முதலில் பிடிப்பார்கள்.